குளம் தூர்வார நிதி எங்கே?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறோம். குளம் தூர்வாரவும், பெண்களுக்குத் தையல் தொழில் அமைத்துத் தரவும் ஆசை. மானியமோ கடனோ கிடைக்குமா? – வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: கிடைக்கும். ஆனால் முதல் பணம் ஊரிலிருந்தே வரட்டும். உங்கள் பக்கத்து ஊரைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பேராவூரணி இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் சங்கமாகத் திரண்டு, 2019-இல் பெரிய குளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். மக்கள் தந்த நன்கொடைதான் மூலதனம். வேலை கண்ணில் தெரிந்ததும் வெளியூர், வெளிநாட்டு உதவி தானாக வந்தது. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் உங்கள் ஊரிலும் ஏராளம். அவர்களது இந்திய வங்கிக் கணக்கிலிருந்து நன்கொடை அனுப்பச் சொல்லுங்கள்.

அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர்-1 படிவமும், மூன்றாண்டுச் செயல்பாட்டுச் சான்றும் தேவை. வெளிநாட்டு அமைப்புகளின் நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். அது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கிவிடாதீர்கள்.

கடனை அறக்கட்டளை பெயரில் வாங்க வேண்டாம். குளம் வருமானம் தராது, தவணை உங்கள் கழுத்தைப் பிடிக்கும். தையல் தொழிலுக்கு மகளிர் சுய உதவிக் குழு அமைத்து வங்கிக்குப் போங்கள். சிறுபான்மையினர் குழுக்களுக்குத் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் (டாம்கோ) கடனும் உண்டு.

இந்த ஆண்டுக் கணக்கை உடனே தணிக்கை செய்யுங்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது அதைத்தான்.