எந்த முதலீடு இலாபம்? இன்றைய பெறுமதியில் கணக்குப் பாருங்கள்

கையில் 10 இலட்சம் ரூபா இருக்கிறது. மனதில் இரண்டு திட்டங்கள். பணமோ ஒன்றுக்குத்தான் போதும். எதைத் தெரிவு செய்வது? நமது வியாபாரிகளில் அநேகர் "மொத்தமாக எதில் கூட வரும்?" என்று மட்டுமே பார்க்கிறார்கள். "எப்போது வரும்?" என்பதையும் பார்க்க வேண்டும்.

நோர்வூட் கடைக்காரருக்கு இது புதிய பாடமல்ல. தோட்டச் சம்பள நாள் வரை கடன் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுப்பவர் அவர். இன்று கைக்கு வரும் ஆயிரம் ரூபாவில் ஹட்டனில் சரக்கெடுத்து விற்று இலாபம் காணலாம். அடுத்த மாதம் வரும் ஆயிரத்துக்கு அந்தப் பலமில்லை. இதைக் கணக்காக்கினால் அதுதான் நிகழ்காலப் பெறுமதி.

உங்கள் பணம் வருடத்துக்கு 15 வீதம் உழைக்கும் என்று வைப்போம். இன்றைய 100,000 ரூபா அடுத்த வருடம் 115,000 ஆகும். திருப்பிப் பார்த்தால், அடுத்த வருடம் வரும் 100,000 ரூபாவின் இன்றைய பெறுமதி சுமார் 87,000. இரண்டாம் வருடம் வருவது 75,600. மூன்றாம் வருடம் 65,800. நான்காம் வருடம் 57,200. ஒவ்வொரு வருடத்துக்கும் 1.15 ஆல் ஒருமுறை வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். முதல் திட்டம், 10 இலட்சத்துக்கு ஒரு பழைய பட்டா லொறி. செலவு போக நான்கு வருடங்களில் முறையே 5, 4, 3, 2 இலட்சம் கிடைக்கும்; மொத்தம் 14 இலட்சம். இரண்டாவது, அதே பணத்தில் மஸ்கெலியாவில் ஒரு கிளைக் கடை. வாடிக்கையாளர் சேர நாளெடுக்கும். 1, 2, 4 இலட்சம் என்று வந்து, நான்காம் வருடம் சரக்கையும் தளபாடங்களையும் விற்பதோடு 8 இலட்சம். மொத்தம் 15 இலட்சம்.

மொத்தத்தைப் பார்த்தால் கடைதான் மேல். 15 வீதத்தில் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் லொறியின் வரவு 10.49 இலட்சம்; முதல் போக 49,000 ரூபா மிச்சம். கடையின் வரவு 9.59 இலட்சம், 41,000 ரூபா குறைவு. ஆனால் வீதம் 5 என்றால் லொறியில் 2.63 இலட்சமும் கடையில் 2.80 இலட்சமும் மிஞ்சும். கடை முந்திவிடும்! ஆகவே எந்த வீதம் என்பதே முக்கியம். அந்தப் பணம் உங்கள் சொந்த வியாபாரத்தில் சாதாரணமாக எவ்வளவு உழைக்கிறதோ, அதை எடுங்கள். பணவீக்கத்தையும் மறக்க வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது 69.8 வீதம். அதே வேகம் ஒரு வருடம் நீடித்தால், வருட முடிவில் வரும் 100,000 ரூபாவால் இன்று 59,000 ரூபாவுக்குக் கிடைக்கும் பொருளைத்தான் வாங்க முடியும்.

சுற்றிலும் உள்ள தேயிலை மலைகளிலும் இதே கணக்குத்தான். மீள்நடுகை செய்வதென்றால் பழைய செடியைப் பிடுங்கி, மண்ணைத் தேற்ற மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ சுமார் ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து, பின்னரே கன்று நடவேண்டும். கொழுந்து வருமானம் வர மேலும் சில வருடங்கள் செல்லும். செலவு இன்று, வரவு பின்னர். மீள்நடுகை தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இது வட்டிக் கணக்கல்லவா?" என்று சில சகோதரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இங்கே யாரும் யாருக்கும் கடன் கொடுத்து மேலதிகம் வாங்கவில்லை. நமது பணத்தை ஒன்றில் போடுவதால் இன்னொன்றில் கைவிடும் இலாபத்தையே அளக்கிறோம். ஆகவே வங்கி வட்டி வீதத்தை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம் என்று 1990 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் தீர்மானித்தது. ஆனால் தவணை பிந்தியதற்காக மேலதிகம் வாங்குவதை அது தடுத்தது. இந்த வேறுபாட்டைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், போடும் வருமானம் வெறும் ஆசையாக இருந்தால் விடை பிழைக்கும். எதிர்பார்க்கும் வரவில் ஐந்தில் ஒன்றைக் குறைத்து மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன லொறியும் 15 வீதத்தில் அப்போது நட்டத்தையே காட்டும். அப்படியானால் விலையைப் பேசிக் குறையுங்கள். அல்லது பணத்தை இருக்கும் கடையிலேயே சுழல விடுங்கள்.