மாற்றம் செய்த மோட்டார் சைக்கிளும் காப்பீடும்

வாளையாறு, கோபாலபுரம், போடிமெட்டு, குமுளி ஆகிய எல்லை வழிகளில் நாள்தோறும் எத்தனையோ மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. அவற்றுள் மாணவர் வண்டிகள் பல. ஊருக்குச் சாமான் கொண்டுபோக ஒருவர் பின்புறம் பெட்டி பொருத்துகிறார். மலைப்பாதைப் பனிமூட்டத்திற்காக இன்னொருவர் கூடுதல் விளக்குப் பூட்டுகிறார். மற்றொருவரோ ஓசைக்காகவே சைலன்சரை மாற்றுகிறார். மூன்றையும் நாம் 'மாற்றம்' என்றே சொல்கிறோம். ஆனால் சட்டமும் காப்பீடும் அவற்றை வெவ்வேறாகவே பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை அறியாதவருக்கு நட்டம் நேரும்போது பாலிசித் தாள் கைகொடுக்காமல் போகலாம்.

முதலில் சட்டத்தைக் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதைப் பற்றிய முக்கியமான வழக்கு நம் கேரளத்திலிருந்தே எழுந்தது. மாநில விதியொன்றைக் கொண்டு வண்டியின் அமைப்பை மாற்றலாமா என்பது கேள்வி. மாநில விதி 52ஆம் பிரிவை மீறி நிற்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது.

இனிக் காப்பீட்டிற்கு வருவோம். அதற்கு இரு கூறுகள் உண்டு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கிற்கானது மூன்றாம் நபர் காப்பீடு. இது கட்டாயமானது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருசேர இதனைப் பெற வேண்டும் என்றாயிற்று. நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கானது சொந்தச் சேதக் காப்பீடு. இது நம் விருப்பம்.

மாற்றம் செய்த வண்டி வழிப்போக்கர் ஒருவரை மோதினால் என்னாகும்? அவர் குடும்பம் கைவிடப்படலாகாது என்பதே சட்டத்தின் நோக்கம். ஓட்டுநர் உரிமம் பற்றிய வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. நிபந்தனை மீறல் விபத்துக்கு அடிப்படைக் காரணமாயிருந்ததென்று நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். தக்க வழக்குகளில் நிறுவனம் இழப்பீட்டை முதலில் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் திரும்பப் பெறலாம். பிறருக்குக் கொடுத்த தொகை நம் தந்தையின் நிலத்தைத் தேடி வரக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.

சொந்தச் சேதத்தில் வழக்கு இன்னும் கடினம். பிரீமியம் என்பது நிறுவனம் ஏற்கும் ஆபத்தின் விலை. ஆபத்தை அளக்க உதவும் உண்மைகளை நாம் மறைத்தால் ஒப்பந்தத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். ஒரு சான்று: 2022இல் வகுத்த மூன்றாம் நபர் கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். அதற்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். எஞ்சினைக் குடைந்து திறனைக் கூட்டியவர், கட்டணப் படியையே கமுக்கமாகத் தாண்டிவிடுகிறார் அன்றோ?

மீறலுக்கும் இழப்புக்கும் தொடர்பில்லாதபோது நீதிமன்றம் சற்று இரங்குவதுண்டு. சொந்த உபயோகத்திற்கெனக் காப்பீடு செய்த வண்டி வாடகைக்கு ஓடியபோது களவு போன வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் 75 விழுக்காடு வழங்கும் முடிவை ஏற்றது. அங்கும் கால்பங்கு போயிற்று. வழக்காடிய காலமும் போயிற்று.

அப்படியாயின் எதையுமே பொருத்தலாகாதா? பொருத்தலாம். வண்டியின் அமைப்பை மாற்றாத துணைப்பொருள்களுக்குக் காப்பீட்டில் இடமுண்டு. 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப், உற்பத்தியாளர் விலையில் அடங்காத மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் வகுத்தது. 6,000 ரூபாய் விளக்கிற்கு அக்கணக்கில் 240 ரூபாய். இன்று நிறுவனங்களின் கட்டணம் வேறுபடலாம், முறை அதுவே. விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாததாக இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் கொள்க. வண்டி நிற்க, பெட்டி மட்டும் களவு போனால் வழக்கமான இருசக்கரப் பாலிசியில் இழப்பீடு இல்லை. வண்டியும் உடன் களவு போனால்தான் உண்டு. விபத்தில் உடைந்த பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும்.

எல்லை வாழ்வோருக்கு ஓர் ஐயம் எழலாம். கோவையில் பாலிசி எடுத்தால் பிரீமியம் குறையுமா? இருசக்கர வண்டிக்கு டாரிஃப் நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்தது. சென்னை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஒன்று. ஏனைய ஊர்கள் மற்றொன்று. பாலக்காடும் இடுக்கியும் கோவையும் தேனியும் ஒரே மண்டலமே. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், இங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அதனைப் பாலிசியிலும் குறிக்கச் செய்க.

ஒளிவின்றிச் செய்யும் மாற்றத்தைச் சட்டம் வெறுப்பதில்லை. மாற்றுத்திறனாளர் வண்டியில் கூடுதல் சக்கரம் பொருத்துவதைச் சட்டமே அனுமதிக்கிறது. அதனை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு தள்ளுபடியையும் டாரிஃப் வகுத்தது.

ஆகவே மாணவ நண்பர்கள் செய்யத்தக்கவை இவை. பொருளை வாங்குமுன் அது ஆர்.சி. விவரத்தை மாற்றுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிக. பில்லையும் நிழற்படத்தையும் காத்து வைக்க. நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் பொருளின் பெயரும் மதிப்பும் ஏறியபின் பயன்படுத்துக. ஏஜெண்டின் வாய்மொழி போதாது. வண்டியும், ஆர்.சி. புத்தகமும், பாலிசியும் ஒன்றையே சொல்லட்டும். மூன்றும் ஒத்திருந்தால், சர்வேயர் வந்து நிற்கும் நாளில் நாம் அஞ்ச வேண்டியதில்லை.