கேரவனை ஓட்டியது யார்?

கேள்வி: மே விடுமுறையில் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போய்வர, சென்னையில் ஒரு கேரவனை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தோம். வாடகை 48,000 ரூபாய், டெபாசிட் 40,000. டிரைவரையும் அவர்களே அனுப்பினார்கள். தினமும் பேட்டா நாங்கள் கொடுத்தோம். தரங்கம்பாடி அருகே குறுகலான ரோட்டில் மரக்கிளை இடித்து, கூரை மேலிருந்த ஏசி உடைந்தது. தனுஷ்கோடியில் வண்டி மணலில் சிக்கி, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும், சேதம் 68,000 ரூபாய் என்று சொல்லி டெபாசிட்டை வைத்துக்கொண்டார்கள். மேலும் 28,000 கேட்கிறார்கள். ஒன்றே முக்கால் வருடமாக அலைகிறோம். பணம் திரும்பக் கிடைக்குமா? போலீசில் புகார் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அம்மா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் வழக்கைத் தீர்மானிக்கும் வரி ஒன்றுதான்: "டிரைவரையும் அவர்களே அனுப்பினார்கள்."

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 148-வது பிரிவு முதல், ஒருவர் தன் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றிச் சொல்கிறது. வண்டியின் சாவி உங்கள் கைக்கு வந்து, நீங்களே ஓட்டியிருந்தால், அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 151-வது பிரிவின்படி உங்களுடையது. உங்கள் விஷயத்தில் சாவி கடைசிவரை உரிமையாளர் அனுப்பிய ஆளிடமே இருந்தது. நீங்கள் பயணம் செய்தவர்கள், அவ்வளவே. வண்டி எவ்வளவு உயரம், எந்த ரோட்டில் நுழையும் என்பது அந்த டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கவனக்குறைவால் கிளை இடித்தது என்றால், அந்தச் செலவை உங்கள் டெபாசிட்டில் கழிக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று வலுவாக வாதிடலாம். பேட்டா கொடுத்ததால் டிரைவர் உங்கள் ஆள் ஆகிவிட்டார் என்று அவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பேட்டா சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கொடுப்பது. அவரை வேலைக்கு வைத்தது யார், சம்பளம் தருவது யார் என்பதைத்தான் நுகர்வோர் ஆணையம் பார்க்கும்.

மணல் விவகாரம் வேறு. "மச்சான் சொன்னதால் டிரைவர் மணலில் இறக்கினார்" என்று மூன்றாம் பக்க ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். டிரைவர் வேண்டாம் என்று சொல்லியும் உங்கள் வீட்டார் வற்புறுத்தியிருந்தால், அந்தச் சேதத்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன்: மச்சான் கொஞ்ச தூரமாவது வண்டியை ஓட்டினாரா? ஓட்டியிருந்தால், மேலே நான் சொன்னதெல்லாம் மாறிவிடும். உங்கள் வழக்கறிஞரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு சொல்லி அவர் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள்.

இப்போது உங்கள்மேல் எனக்குள்ள வருத்தம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-வது பிரிவின்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். டெபாசிட்டைத் தர முடியாது என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து கணக்குப் போடுங்கள். மிச்சம் மூன்று மாதம்கூட இருக்காது. "பார்க்கலாம் மேடம்", "ஓனர் வெளியூர்" என்று வந்த பதில்களை நம்பி இத்தனை காலம் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் எத்தனை முறை போன் செய்தாலும், எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும், அதனால் காலக்கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது பெரும்பாலும் எடுபடாது.

காகிதங்களின் நிலை இதைவிட மோசம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, குழந்தைகள் தூங்கி வழிய, வண்டியின் நிலையைக் குறிக்கும் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் காலியாக இருக்கும்போதே அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலிக் கட்டங்களில் பின்னால் யார் என்ன எழுதினார்கள் என்பதை எப்படி நிரூபிப்பது? ஒப்பந்த நகல் வாங்கவில்லை. கூரையை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. போனை மாற்றியதில் வாட்ஸ்அப் உரையாடலில் பாதி போய்விட்டது. மீதியுள்ளதையாவது அழியாமல் வையுங்கள். அந்த போனை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படலாம். டெபாசிட்டும் பேட்டாவும் ஜிபேயில் போனதற்கு வங்கிக் கணக்கு விவரம் வாங்குங்கள். டிரைவர் பெயரையும் எண்ணையும் அவர்கள் அனுப்பிய மெசேஜ் இருந்தால், உங்கள் கையிலுள்ள சிறந்த ஆதாரம் அதுதான்.

வழக்கறிஞர் மூலம் உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். ரிப்பேர் பில், சேதத்தின் போட்டோக்கள், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்யப்பட்டதா என்ற விவரம், வாடகைக்கு விட அந்த வண்டிக்கு இருந்த பெர்மிட் ஆகியவற்றை அதில் கேளுங்கள். இன்ஷூரன்ஸில் ஏசிக்குப் பணம் வந்திருந்தால், அதையே உங்களிடமும் வாங்க முடியாது. குடும்பப் படங்களில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டியாகப் பதிவானது. வாடகைக்கு ஓட்டியதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

புகாரைக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் "சென்னை நீதிமன்றம் மட்டும்" என்று இருந்தால் அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்க வேண்டாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் புகாரை எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று எழுதினால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்காகிவிடும். உங்களுக்கு அதற்கு நேரமில்லை.

போலீஸ் புகார் வேண்டாம். இது பணத் தகராறு. ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதிலும் வாரங்கள் போகும்.

மேலும் கேட்கும் 28,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட, "சமரசமாக" என்று சொல்லிக் கேட்டாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சேதத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள். ஆவணம் எதையும் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து இதை எழுதுகிறேன். கோவையில் நுகர்வோர் வழக்கு நடத்தும் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். மச்சானையும் கூட்டிப் போங்கள்.