சொந்தக் களத்தின் பலம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நியூ காசில் என்றொரு சிறு நகரம். மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடாது. ஆனால் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பள்ளி ஆட்டம் என்றால் ஊரே திரண்டு வரும் மாநிலம் அது. சொந்தக் களத்தைப் பற்றிய நம்பிக்கைகளும் அங்கே ஆழமாக வேரோடியிருக்கின்றன. அவற்றில் சில பாதி உண்மை. சிலவோ பிள்ளைகளுக்கு நேரும் அநீதியை மூடி மறைப்பவை.

நம்பிக்கை: உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சலில் வெளியூர் வீரர்களின் கை நடுங்கிவிடும்.

உண்மை: இதைச் சோதித்துப் பார்க்க ஃப்ரீ த்ரோவை விட நல்ல இடம் இல்லை. வீரர் கோட்டில் தனியாக நிற்கிறார்; குறுக்கே எவரும் வரக்கூடாது. கூடைக்குப் பின்னால் உள்ளூர் ரசிகர்கள் கையை ஆட்டி, கத்தி, கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறார்கள். டோபயாஸ் மாஸ்கோவிட்ஸ், ஜான் வெர்தைம் இருவரும் 2011-இல் வெளியிட்ட ‘ஸ்கோர்காஸ்டிங்’ நூலுக்காக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களில் இருபதாண்டுக் கணக்கை அலசினார்கள். உள்ளூர் அணியானாலும் வெளியூர் அணியானாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பந்துகள் கூடைக்குள் விழுந்திருந்தன. கூச்சலால் கை நடுங்கியதற்கு அங்கே தடயம் இல்லை.

கூச்சல் வேலை செய்யும் இடம் வேறு. 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல் காட்சிகள் காட்டப்பட்டன. சிலருக்கு ரசிகர்களின் இரைச்சலோடு, மற்றவர்களுக்கு ஒலி இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். தேர்ந்த நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பள்ளி ஆட்டத்துக்கு விசில் ஊத வருபவரின் மீது எவ்வளவு அழுத்தம் இருக்கும்! அதனால்தான் பார்வையாளர்களைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பை அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து விதிகள் ஆட்டத்தை நடத்தும் பள்ளியின் தலையில் வைக்கின்றன. நடுவரைக் காப்பது வெளியூர்ப் பிள்ளைகளைக் காப்பதும் ஆகும்.

நம்பிக்கை: களத்தின் ஓரத்தில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் எழுத்தர்கள்.

உண்மை: பள்ளி ஆட்டங்களில் உள்ளூர் அணியின் ஸ்கோர் புத்தகமே வழக்கமாக அதிகாரபூர்வமானது. கடிகாரத்தை இயக்குபவரும் பெரும்பாலும் அதே பள்ளியைச் சேர்ந்தவர்தான். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடியும்போது, கடிகாரத்தை அரை நொடி தாமதித்து நிறுத்துவதுகூட முடிவை மாற்றக்கூடும். மேசையில் அமர்பவருக்குப் பயிற்சியும் நேர்மையும் நடுவருக்கு இருக்க வேண்டிய அளவுக்கே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: சொந்த அரங்கு இல்லாத அணி கோப்பையைத் தொட முடியாது.

உண்மை: இண்டியானாபோலிஸில் கறுப்பின மாணவர்களுக்கென்று 1927-இல் தொடங்கப்பட்டது கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. 1942 வரை கறுப்பினப் பள்ளிகளை மாநில விளையாட்டுச் சங்கம் உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் மிகச் சிறியது. அதனால் பெரிய ஆட்டங்களை வேறு அரங்குகளில்தான் ஆட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிதான் 1955-இல் கேரி ரூஸ்வெல்ட் பள்ளியை 97-74 என வென்று மாநிலக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையைத் தக்கவைத்தது. பின்னாளில் என்பிஏவின் பெரும் நட்சத்திரமான ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணியில் ஆடியவர்.

இதைக் காட்டி, ‘திறமை இருந்தால் வசதி எதற்கு’ என்று கேட்பது கொடுமை. 1955 வெற்றிக்குப் பிறகு, நகர மையத்தில் கொண்டாட விடாமல் அந்தப் பிள்ளைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றிக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ஆடுகளத்தில் வென்ற பிறகும் ஊர் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. ராபர்ட்சன் அந்த வேதனையை முதுமையிலும் மறக்கவில்லை.

நம்பிக்கை: பெற்றோர் நன்கொடை திரட்டி ஒரு மைதானத்தை மேம்படுத்தினால், அதைப் பற்றிப் பள்ளியைக் கேட்க முடியாது.

உண்மை: ஃபுளோரிடாவின் பிரெவார்ட் மாவட்டத்தில் ஒரு பள்ளியின் ஆண்கள் பேஸ்பால் மைதானத்தில் மின்விளக்கு, மின்னணு ஸ்கோர் பலகை, பந்தடிக்கப் பழகும் வலைக்கூண்டு எல்லாம் இருந்தன. பெண்கள் சாஃப்ட்பால் ஆடிய மைதானத்தில் விளக்கே கிடையாது. இருட்டுவதற்குள் ஆடி முடிக்க வேண்டும். வழக்கு 1997-இல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. ‘அது பெற்றோர் சங்கத்தின் பணம்’ என்ற வாதம் எடுபடவில்லை. பணம் எங்கிருந்து வந்தாலும் சமமான வசதியை உறுதி செய்வது பள்ளியின் கடமை என்றது நீதிமன்றம். இதற்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம். கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்வது அது. ஆண்களிடம் இருப்பதைப் பறித்துக் கணக்கை நேர் செய்ய முனைந்த மாவட்டத்தின் திட்டத்தையும் நீதிபதி கண்டித்தார்.

நம்பிக்கை: கூடைப்பந்து வளையம் பத்தடி உயரத்தில் இருந்தால் போதும், எல்லோருக்கும் ஒரே நியாயம்தான்.

உண்மை: இண்டியானாவின் ஃபிராங்க்ளின் மாவட்டப் பள்ளியில் பையன்களும் பெண்களும் ஒரே களத்தில், ஒரே வளையத்துக்குத்தான் பந்து போட்டார்கள். ஆனால் பையன்களின் ஆட்டங்களில் சுமார் 95 சதவீதம் மறுநாள் பள்ளி இல்லாத இரவுகளில் நடந்தது. பெண்களுக்கு அது 53 சதவீதம்தான். மற்ற ஆட்டங்களை வார நாள் இரவில் ஆடிவிட்டு, வீட்டுப்பாடம் முடித்து, காலையில் வகுப்புக்கு ஓட வேண்டும். பெற்றோரும் தோழிகளும் வந்து உட்கார வசதிப்படாத நாட்கள் அவை. பெண்கள் அணியின் முன்னாள் பயிற்சியாளரும் வீராங்கனையின் தாயுமான ஒருவர் தொடுத்த வழக்கை, கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே போகாமல் தள்ளியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இப்படிப்பட்ட அட்டவணை பெண்களுக்குப் பார்வையாளர்களைக் குறைத்து, தாங்கள் இரண்டாம்பட்சம் என்ற உணர்வையும் தரக்கூடும் என்று அது ஏற்றுக்கொண்டது. பருவம் தொடங்குமுன் அச்சாகும் அந்த அட்டவணைத் தாளை, எந்தக் கிழமை யாருக்கு என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு.