வரலாற்று மாளிகைகளும் அறங்காவலர் பொறுப்பும்
– பிரித்தானியத் தேசிய அறக்கட்டளையை முன்வைத்து ஓர் ஆய்வு –

அறம், காவல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையால் அமைந்தது 'அறங்காவலர்' என்னும் சொல். ஆங்கிலத்தில் 'டிரஸ்டி' எனும் சொல்லுக்கு நம்பிக்கை என்பதே வேர்ப்பொருள். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தமதாகக் கொள்ளாது, வேறு பலர்க்காகப் பேணுபவரே அறங்காவலர். சட்டத்தின் பார்வையில் அவர் உடைமையாளர்; பயன் துய்க்கும் வகையில் அவர் உடைமையாளர் அல்லர். வக்ஃபுச் சொத்தை விற்கவோ, கொடையாக வழங்கவோ, வாரிசுரிமையாகப் பெறவோ இயலாது என்பதையும், முத்தவல்லி அதன் மேலாளரே என்பதையும் அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. எனினும், ஒரு நாட்டின் பழைய மாளிகைகளைக் காக்கும் பொருட்டு இக்கருத்து எவ்வாறு ஒரு பெரும் நிறுவனமாக உருப்பெற்றது என்பது மாணவர்கள் ஊன்றிக் கற்கத்தக்கதாகும்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் பணியாற்றும் தேசிய அறக்கட்டளை 1895ஆம் ஆண்டு தோன்றியது. இலண்டன் ஏழை மக்களின் குடியிருப்புகளைச் சீர்திருத்திய ஆக்டேவியா ஹில் அம்மையார், வழக்கறிஞர் இராபர்ட் ஹண்டர், ஏரி மாவட்டத்தில் சமயப் பணியாற்றிய ஹார்டுவிக் ரான்ஸ்லி ஆகிய மூவர் இதனை நிறுவினர். இதற்கு வித்திட்டது ஒரு நிறைவேறாத கொடை. 1880களில் இலண்டனை அடுத்த டெட்ஃபோர்டில் ஈவ்லின் குடும்பத்தார் தம் பழந்தோட்டத்தைப் பொதுமக்களுக்கு வழங்க முன்வந்தனர். கொடுப்பவர் இருந்தார், துய்ப்பவரும் இருந்தனர். ஆயினும் பொதுமக்கள் பெயரால் நிலத்தை ஏற்று, என்றென்றும் வைத்திருக்கத்தக்க அமைப்பு எதுவும் அன்றைய சட்டத்தில் இல்லை. அவ்விடைவெளியைக் கண்ட ஹண்டர், நிலம் வைத்திருக்கும் ஆற்றலுடைய ஒரு நிறுவனம் வேண்டுமென எண்ணினார். வழக்கறிஞர் ஒருவரின் வறண்ட சட்டச் சிந்தனையிலிருந்தே இத்துணைப் பசுமையான முயற்சி முளைத்தது என்பது வியப்புக்குரியது.

அறக்கட்டளை வாங்கிய முதற் கட்டடம் அரண்மனை அன்று. ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூரில் சிதைந்து கிடந்த 14ஆம் நூற்றாண்டுக் கூரை வீடொன்றை 1896இல் 10 பவுனுக்கு வாங்கினர். பழுதுபார்க்க ஆன செலவு அவ்விலையைப் பன்மடங்கு விஞ்சியது. ஒரு பழைய வீட்டை வாங்குதல் எளிது, வைத்திருத்தல் அரிது என்பதை அறங்காவலர்கள் முதல் வீட்டிலேயே கண்டுகொண்டனர்.

1907ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வமைப்புக்கு ஓர் அரிய உரிமையை அளித்தது. தான் பெற்ற சொத்தை 'மாற்றிக் கொடுக்க இயலாதது' என அறக்கட்டளையின் மன்றம் தீர்மானித்து அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்தபின் அதனை விற்கவும் முடியாது. அடைமானம் வைக்கவும் முடியாது. அரசே அதனைக் கட்டாயமாக எடுக்க விரும்பி, அறக்கட்டளை அதனை எதிர்க்குமாயின், நாடாளுமன்றத்தின் தனி நடைமுறைக்கு உட்பட வேண்டும். இதன் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொதுவாக அதிகாரம் என்பது செய்யும் ஆற்றல். ஈண்டோ, அறங்காவலர்கள் தம் கையையும் தமக்குப் பின்வருவோர் கையையும் கட்டிக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றனர். நாளை நிதி நெருக்கடி நேர்ந்தால், 'இம்மாளிகையை விற்று அம்மாளிகையைக் காப்போம்' எனக் கூற எவர்க்கும் வழியில்லை. ஆகவே, ஒரு கொடையை ஏற்கும் நாளிலேயே அதன் எல்லாக் காலச் சுமையையும் எடைபோடும் கடமை அவர்களுக்கு ஏற்பட்டது.

அதே 1907இல் சாமர்செட் மாவட்டத்தின் பாரிங்டன் கோர்ட் என்னும் பெரிய மாளிகை அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அதனைப் பழுதுபார்க்கும் செலவு தாங்கொணாததாக இருந்தது. இறுதியில், 1920இல் சர்க்கரை வணிகக் குடும்பத்தைச் சார்ந்த ஒருவர் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்த பின்னரே அவ்வீடு மீண்டது. இப்பட்டறிவால் பல்லாண்டுகள் பெரிய வீடு என்றாலே அறக்கட்டளையினர் தயங்கினர். பின்னாளில், மாளிகையைத் தர விரும்புவோர் அதன் பராமரிப்புக்குரிய மூலதனத்தையோ வருவாய் தரும் நிலங்களையோ சேர்த்தே தருதல் வேண்டும் என்பது நெறியாயிற்று. வீட்டை மட்டும் தருபவர் கொடையாளி அல்லர். சுமையை இறக்கி வைப்பவரே என்று கொள்ளலாம்.

1934இல் மாளிகைகளின் வரலாறு திசை திரும்பியது. மரண வரியாலும் வருவாய்க் குறைவாலும் பெருங்குடும்பங்கள் தம் வீடுகளை இடித்தும் விற்றும் வந்த காலம் அது. அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் லோதியன் பிரபு இவ்வீடுகளைக் காக்கும்படி வேண்டினார். 1932இல் இந்திய வாக்குரிமைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே லோதியனே இவர். இவர்தம் முயற்சியின் பயனாக 1937இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உரிமையாளர் தம் மாளிகையை நிதியுடன் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்துடன் அங்கேயே வாழலாம். பொதுமக்கள் வந்து காணக் கதவைத் திறந்துவிடல் வேண்டும். 1940இல் மறைந்த லோதியன், நார்ஃபோக்கிலுள்ள தமது பிளிக்லிங் மாளிகையை அறக்கட்டளைக்கே எழுதி வைத்தார். சொன்னதைச் செய்தார். ஆனால், செல்வர் சிலர் வரிச்சுமை நீங்கித் தம் முன்னோர் வீட்டிலேயே குடியிருக்கப் பொது அமைப்பொன்று துணைபோவதா என்ற வினா அன்றும் எழுந்தது. அது புறந்தள்ளத்தக்க வினா அன்று.

ஆள்வோர் யார்?

இத்துணைச் சொத்துகளை ஆளும் அறங்காவலர்களை யார் தேர்ந்தெடுப்பது? 1960களில் இவ்வினா கொதித்தெழுந்தது. கடற்கரைகளைக் காக்கும் 'நெப்டியூன்' இயக்கம் 1965இல் தொடங்கியது. அதனை நடத்திய கான்ராட் ரான்ஸ்லி, நிறுவனர் ரான்ஸ்லியின் பேரர். தலைமையினர் உறுப்பினரின் குரலைக் கேளாமல் ஒரு சிறு மேட்டுக்குடி வட்டமாக ஆள்கின்றனர் என அவர் குற்றஞ்சாட்டினார், பதவியிழந்தார். 1967இல் சிறப்புக் கூட்டம் கூடியது. அவர் தரப்பு தோற்றது. எனினும் அதன் விளைவாக 1968இல் பென்சன் குழுவின் அறிக்கை வெளிவந்து, நிருவாகம் சீரமைக்கப்பட்டது. வாக்கெடுப்பில் தோற்ற கருத்து நடைமுறையில் ஓரளவு வென்றது எனலாம்.

அக்காலத்தில் 52 பேர் கொண்ட மன்றமே ஆளும் பொறுப்பில் இருந்தது. அவருள் பாதியினரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். மறுபாதியினரைக் கலை, இயற்கை, தொல்லியல் முதலிய துறைசார் அமைப்புகள் நியமித்தன. 52 பேர் கூடி விவாதிக்கலாம். பொறுப்பேற்று ஆள்வது கடினம். பிளேக்கன்ஹாம் பிரபு தலைமையில் நிகழ்ந்த ஆய்வின் பயனாக, 2005 முதல் ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட அறங்காவலர் குழு ஆளும் பொறுப்பை ஏற்றது. மன்றம் அவர்களை நியமித்துக் கண்காணிக்கும் அமைப்பாயிற்று. அதன் எண்ணிக்கையும் பின்னர் 36ஆகக் குறைந்தது. அறங்காவலர்க்கு ஊதியம் இல்லை. 2017இல் உறுப்பினர் தொகை 50 இலட்சத்தை எட்டியது. இத்தனை இலட்சம் பேரின் நம்பிக்கையை ஊதியமின்றிச் சிலர் சுமக்கின்றனர்.

பொவிஸ் மாளிகையும் நம் நாடும்

வேல்ஸ் நாட்டில் பொவிஸ் கோட்டை மாளிகை உள்ளது. 1952இல் அது அறக்கட்டளையைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு முற்றுகையால் (1751) நாம் அறிந்த இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். பொவிஸ் குடும்பத்தில் மணம் புரிந்தவர். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மாண்டபின் கைக்கொள்ளப்பட்ட பொருள்களுள் சில இவ்வழியே அங்குச் சென்றன. சுல்தானின் பூவேலைப்பாடமைந்த கூடாரமும், அவரது அரியணையை அணிசெய்த பொற்புலித் தலையொன்றும் இன்றும் அங்குள்ளன.

இவற்றைக் காப்பவர் எந்த வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும்? 2020 செப்டம்பரில் அறக்கட்டளை ஓர் அறிக்கையை வெளியிட்டது. தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆதிக்கத்துடனோ அடிமை வணிகத்துடனோ இருந்த தொடர்பை அது எடுத்துரைத்தது. சர்ச்சிலின் சார்ட்வெல் இல்லமும் அவற்றுள் ஒன்று. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 'மாளிகையைப் பேணுவதே உம் பணி. அரசியல் பேசுவது அன்று' என்றனர் ஒரு சாரார். அறநிறுவனங்களை மேற்பார்க்கும் ஆணையம் ஆராய்ந்து, சட்ட மீறல் இல்லை என 2021இல் முடிவு கூறியது. நம் கருத்தில், சுவரைக் காத்து அச்சுவர் எழுந்த செல்வத்தின் வழியை மறைப்பது அரைக்காவலே ஆகும். கூடாரத்தின் நூலிழை கெடாமல் காப்பதும், அது யாருடையது, எவ்வாறு வந்தது என உரைப்பதும் ஒரே கடமையின் இரு கூறுகள். அப்பொருள்கள் அங்கேயே இருத்தல் தகுமா என்பது இதனினும் பெரிய வினா. அதற்கு இவ்வறிக்கை விடையாகாது.

காக்க இயலாதபோது என் செய்வது என்ற வினாவும் அறங்காவலர்முன் வந்தது. 2015 ஏப்ரலில் சர்ரே மாவட்டத்துக் கிளாண்டன் பார்க் மாளிகை தீக்கிரையாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் அவ்வீட்டில் 'அவைத்தலைவர் அறை' ஒன்றே பெரும்பாலும் தப்பியது. முதன்மை அறைகளைப் பழையபடி அமைப்போம் என முதலில் அறிவித்தனர். 2022இல் அம்முடிவை மாற்றினர். எரிந்த சுவர்களையும், வெளிப்பட்ட செங்கற்களையும் அவ்வாறே நிலைப்படுத்தி, மக்கள் உள்ளே நடந்து காண வழியமைப்பதே தக்கது என்றனர். போலியாக எழுப்பிய அறை பழமை ஆகாது என்பது அவர்தம் வாதம். ஒப்படைத்த வீட்டை மீட்டுத் தருவதே கொடையாளர்க்குச் செய்யும் நேர்மை என்பது மறுதரப்பார் வாதம். இரு தரப்பாரும் காவல் என்னும் ஒரே சொல்லையே துணைக்கு அழைக்கின்றனர்.