ஷிப்ட் நோட்டில் பத்து வினைகள்

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலை நினைக்காதீர்கள். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கிற இடம். டிப்ளமோ முடித்து அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். “கிராமர் ஓரளவு தெரியும் சார். ஆனா மேனேஜர் ‘லுக் இன்ட்டூ இட்’, ‘சார்ட் இட் அவுட்’னு சொன்னா ஒண்ணும் புரியல. தலையாட்டிட்டு வந்துடறேன்.”

தலையாட்டிவிட்டு வருவதில் ஆபத்து இருக்கிறது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு ரத்து செய்வது. நாளைய மீட்டிங் எதுவாயிற்று என்று தெரியாமல் இருவேறு ஆட்கள் இருவேறு வேலை பார்ப்பார்கள்.

வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கிறார்கள். லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய நூலுக்குப் பிறகே இந்தப் பெயர் பரவியது. சிக்கல் அதைவிடப் பழசு. ஆங்கில மொழியில் அந்நியர்களுக்கு மிகப் பெரிய சிரமம் இதுதான் என்று 1755-இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் சொல்லிவிட்டார். ஆகவே, புரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஒயிட் டவுனில் தமிழ் கற்கும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம், “அவன் அப்பாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்” என்று சொல்லிப் பாருங்கள். எதை வாங்கினான், எதில் கட்டினான் என்று அவர் அகராதியைப் புரட்டுவார். ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதுமில்லை, கொடுப்பதுமில்லை. ‘தள்ளிப்போடு’ என்பதில் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. நாம் இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே சொல்லாகவே கற்றோம். ‘கிவ் இன்’ என்பது விட்டுக்கொடுப்பது, ‘ஃபைண்ட் அவுட்’ என்பது கண்டுபிடிப்பது என்று முழுசாக எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘பார்’ என்ற ஒரே வினையை வைத்து நாம் பார்த்துக்கொள்கிறோம், எதிர்பார்க்கிறோம், சரிபார்க்கிறோம், தேடிப்பார்க்கிறோம். அவர்கள் ‘லுக்’கை வைத்து அதே வித்தை காட்டுகிறார்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் இன்ட்டூ’ என்றால் என்ன ஏது என்று விசாரி. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்றால் ஆவலோடு எதிர்பார். மேனேஜர் ‘லுக் இன்ட்டூ இட்’ என்றால் மெஷினுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை; காரணம் என்ன என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறார்.

கடையில் விற்கும் ‘ஆயிரம் ஃபிரேசல் வெர்ப்’ பட்டியலை வாங்காதீர்கள். உங்கள் பாடப்புத்தகம் ஷிப்ட் நோட்டுதான். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு ஒருவர் இப்படி எழுதிவைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘மெஷின் காட் பிரேக்டவுன் அட் 4. மெயின்டனன்ஸ் இன்ஃபார்ம்டு. ஆயில் நோ ஸ்டாக்.’ விஷயம் புரிகிறது, வாக்கியம் நொண்டுகிறது. இதையே, ‘தி மெஷின் புரோக் டவுன் அட் 4. மெயின்டனன்ஸ் இஸ் லுக்கிங் இன்ட்டூ இட். வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஆயில். பிளீஸ் ஃபாலோ அப்’ என்று எழுதினால் நான்கு வரி நோட்டிலேயே நான்கு வினைகள் கைக்கு வந்துவிடும். இவற்றோடு ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘ஷட் டவுன்’, ‘செட் அப்’, ‘ஹேண்ட் ஓவர்’, ‘ஃபில் இன்’, ‘கேரி அவுட்’ ஆறையும் சேர்த்தால் பத்து. ஒரு ஷிப்டை ஓட்ட முதலில் இது போதும்.

மூன்று இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில் உட்காரும். ‘ஸ்விட்ச் ஆஃப் தி மோட்டார்’ சரி, ‘ஸ்விட்ச் தி மோட்டார் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ தவறு. ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்றே வரும். ‘லுக் ஆஃப்டர் இட்’ போன்ற சில வினைகள் பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று விதி தேடாதீர்கள். ‘இட்’ போட்ட ஒரு வாக்கியத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

இரண்டாவது, பெயர் வேறு, வினை வேறு. ‘எ பிரேக்டவுன்’ என்ற பெயர் ஒரே சொல், அழுத்தம் ‘பிரேக்’கில் விழும். ‘இட் புரோக் டவுன்’ என்ற வினை இரண்டு சொல், அழுத்தம் ‘டவுனி’ல் விழும். ‘செட்டப்’, ‘பேக்கப்’, ‘செக்கப்’ எல்லாம் நாம் தினமும் பேசும் பெயர்கள். வினையாக்கும்போது முதல் சொல்தான் காலத்துக்கேற்ப மாறும்; ‘பேக்கப்டு’ என்று ஒன்று கிடையாது, ‘பேக்ட் அப்’ என்பதே சரி.

மூன்றாவது, நம் ஊர் ஆங்கிலம். ‘ஃபேனை ஆன் பண்ணு’ என்று பேசிப் பழகி, ‘ஆன் தி ஃபேன்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே ‘டர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ வேண்டும். ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ வேண்டாம், ‘கோப் வித்’ போதும். பஸ்ஸிலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்கிறோம். வெளிநாட்டில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’ என்றால் இங்கே படிப்பு முடிந்தது என்று அர்த்தம். லண்டன்காரர் காதில் நீங்கள் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். இண்டர்வியூவில் எதிரே இருப்பவர் வெளிநாட்டவர் என்றால் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள்.

கற்றதை எங்கும் தூவவும் வேண்டாம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. அதனால் ஒரே செயலுக்குப் பல நேரம் இரண்டு சொல் கிடைக்கும்: வீட்டுப் பேச்சுக்கு ‘கேரி ஆன்’, விறைப்பான கடிதத்துக்கு பிரெஞ்சு வழி வந்த ‘கன்டினியூ’. அதேபோல் பேச்சில் ‘புட் ஆஃப்’, கடிதத்தில் லத்தீன் வழி வந்த ‘போஸ்ட்போன்’. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இரண்டாவது வகை சுலபமாக வரும், முதல் வகை தடுக்கும். ஷிப்டில் பேசும்போது முதலாவதைப் பேசுங்கள். டைரக்டருக்கு அனுப்பும் அறிக்கையில் இரண்டாவதை எழுதுங்கள்.

குட்டிச் சொற்களுக்கும் ஓரளவு குணம் உண்டு. ‘யூஸ் அப்’, ‘ஈட் அப்’ என்பவற்றில் ‘அப்’ நம் ‘தீர்த்துவிடு’, ‘சாப்பிட்டுவிடு’வில் வரும் ‘விடு’ மாதிரி, வேலை முழுக்க முடிந்ததைச் சொல்லும். ‘கோ ஆன்’, ‘கீப் ஆன்’ என்பவற்றில் ‘ஆன்’ நம் ‘கொண்டிரு’. ஆனால் இதை நம்பி எல்லா இடத்திலும் ஊகிக்காதீர்கள். ‘கிவ் அப்’ என்றால் முடிப்பதல்ல, கைவிடுவது.

நாளைய ஷிப்டில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். மேனேஜர் சொன்னது புரியாவிட்டால் தலையாட்டாமல், “டூ யூ வாண்ட் மீ டு செக் இட், சார்?” என்று உங்களுக்குத் தெரிந்த வினையில் திருப்பிக் கேளுங்கள். வீட்டுக்குப் போகுமுன் அவர் சொன்ன வினையை வாக்கியத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று போதும். தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிக்குள் நூற்றைம்பது சேர்ந்துவிடும்.