மலிவும் மதிப்பும்

சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரை அடுத்துக் கடலோரத்தில் அமைந்தது எக்கியார்குப்பம். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் உப்பங்கழியும், பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களும். கடலில் மீன் பிடிப்போரும் அளத்தில் உப்பு விளைப்போரும் வாழும் பகுதி இது. பண்டைக்காலத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர், வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாடு சென்று, அதனை நெல்லுக்கு மாற்றி வந்தனர் என்பது சங்க நூல்களால் அறியப்படும். எப்பொருளுக்கு எதனை, எவ்வளவு கொடுப்பது என்னும் ஆராய்ச்சி நெய்தல் நிலத்துக்குப் புதியதன்று.

உப்பு விளைக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். பாத்தியில் நிற்கும் நீர் பார்வைக்கு எல்லா நாளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அடர்த்திமானி என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டால் உண்மை புலப்படும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 பாகை. அது வெயிலிற் காய்ந்து 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். 29, 30 பாகையை நெருங்கியதும் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடல் வேண்டும். இன்னும் சிறிது உப்புக் கிடைக்குமே என்று அந்நீரை விட்டுவைத்தால், கசப்புப் பொருள்கள் கலந்து நல்ல உப்பையும் கெடுத்துவிடும். கண்ணை நம்பாது கருவியை நம்புவதும், மிகுதிக்கு ஆசைப்படாது உரிய இடத்தில் நிற்பதும் உப்பளம் கற்பிக்கும் இரு பாடங்கள்.

இத்தகைய அறிவு வாய்ந்த கரையிலும், கைக்கருவி ஒன்றை வாங்கும்போது அளவுகோலை மறந்துவிடுவோர் உளர். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இக்குப்பத்தில் மீன்பிடி தொழில் செய்து வருகிறார். ஒருநாள் அவர் ஒரு கைபேசியையும், பவர் பேங்க் எனப்படும் மின்சேமிப்புக் கருவியையும் எடுத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“ஐயா, இரண்டும் சேர்த்து 7,000 ரூபாய் கொடுத்தேன். வேறு கடைகளில் 15,000 ஆகும் என்று விற்றவர் சொன்னார். பாதி விலைக்குக் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன்” என்றார்.

“பட்டியல் எங்கே, தம்பி?” என்று கேட்டேன்.

“பட்டியல் வேண்டுமானால் வரி கூடும் என்றார், ஐயா. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.”

பின்பு நிகழ்ந்ததை அவர் கூறினார். தந்தையாரும் அவரும் இரவில் படகேறிக் கடலுக்குச் சென்றிருக்கின்றனர். மழை மூட்டத்தில் கரைவிளக்குகள் மறைந்தன. திசைகாட்டும் வரைபடம் கைபேசியில் இருந்தது. கைபேசியிலோ மின்சாரம் குறைந்து வந்தது. 20,000 என்னும் எண் பெரிதாக அச்சிடப்பட்ட பவர் பேங்க், கைபேசியை ஒரு முறைகூட நிரப்பாமல் அணைந்துவிட்டது. அலைநீர் தெறித்த கைபேசியும் சற்று நேரத்தில் உயிரிழந்தது. அவ்வழி வந்த வேறொரு படகின் விளக்கைப் பின்பற்றியே அவர்கள் கரை சேர்ந்தனர்.

“அம்மா விடியும்வரை கரையிலேயே நின்றிருந்தார், ஐயா” என்று சொல்லி அவர் தலைகவிழ்ந்தார். திருவிழாக் காலத்தில் சாலையோரம் கடை விரித்திருந்த அவ்வணிகரைத் தேடிச் சென்றபோது, கடையும் இல்லை; அவரும் இல்லை.

மாணவர்களே, மலிவு வேறு, மதிப்பு வேறு. மலிவு என்பது கொடுக்கும் பணத்தின் சுருக்கம். மதிப்பு என்பது பெறும் பயனின் பெருக்கம். முன்னதை மட்டும் நோக்கிப் பின்னதை மறப்பவன், குறைந்த விலை கொடுத்து மிகுந்த இழப்பை வாங்குகிறான்.

கையில் ஏந்திச் செல்லும் மின்னணுக் கருவிகளின் வரலாறு நெடிதன்று. அவற்றுக்கு வித்தாகிய டிரான்சிஸ்டர் 1947 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1954 ஆம் ஆண்டில் நான்கு டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சிறு வானொலி அந்நாட்டில் 49.95 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில் வெளிநாட்டுக் கருவிகள் கிடைப்பதே அரிது. பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்க்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகில் 1969 ஆம் ஆண்டில் அமைந்த பர்மா பஜார், அத்தகைய பொருள்களை நாடுவோர் கூடும் இடமாயிற்று. 1991 இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் நிலைமை மாறியது. இன்று சிற்றூரில் இருப்போரும் வீட்டில் இருந்தபடியே கருவிகளை வரவழைத்துக்கொள்கின்றனர். அன்று பொருள் கிடைப்பது அரிதாயிருந்தது. இன்று பொருள்கள் குவிந்து கிடக்க, நல்லதைத் தேர்ந்தெடுப்பது அரிதாயிற்று.

தேர்ந்தெடுக்கும் வழி யாது? திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை ஆட்சி செய்வோரை நோக்கிக் கூறப்பட்டவை. எனினும் கைபேசி வாங்கப் புறப்படும் குடிமகனுக்கும் அந்நான்கும் பொருந்துவனவே.

முதலாவது, வலியறிதல். தன் தேவையின் அளவையும், பணப்பையின் அளவையும், கருவியின் ஆற்றலையும் அறிவதே இங்கு வலியறிதலாகும். பவர் பேங்கின்மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவ்வெண், உள்ளே 3.7 வோல்ட் அழுத்தத்தில் உள்ள மின்கலத்தைக் குறிக்கும். மின்சாரம் வெளியேறுவதோ பெரும்பாலும் 5 வோல்ட் அழுத்தத்தில். ஆகவே 10,000 ஐ 3.7 ஆற் பெருக்கி 5 ஆல் வகுத்தால் 7,400 ஆகும். மாற்றத்தின்போது வெப்பமாகக் கழிவது போக இன்னும் குறையும். ஆதலின், 5,000 அளவுள்ள கைபேசியை இரு முறை நிரப்பலாம் என்று கணக்கிடுவோர், ஏறத்தாழ ஒன்றரை முறையே நிரப்ப இயலும். நேர்மையான உற்பத்தியாளர் இக்குறைந்த அளவையும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். பெரிய எழுத்தைப் படிப்பதற்கு முன் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

கடற்கரையில் வாழ்வோர் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. சில கைபேசிகளில் ‘ஐபி 67’ என்னும் குறியீடு இருக்கும். இதில் 6 என்பது தூசு புகாமையையும், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். ஆனால் அச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது, உவர்நீரில் செய்யப்படுவதன்று. உப்புநீர், மின்னேற்றும் துளையிலுள்ள உலோகத்தை அரித்துவிடும். நீரால் நேரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிவைத்துள்ளன. ஆதலின் நீர் புகாத உறை ஒன்றைக் குறைந்த செலவில் வாங்கிச் சேர்த்துக்கொள்வது, கடலோடிகளுக்கு ஏற்ற செயலாகும்.

விலையை ஆயுளால் வகுத்துப் பார்த்தலும் வேண்டும். 12,000 ரூபாய்க் கைபேசி 2 ஆண்டு உழைத்தால் மாதம் 500 ரூபாய் ஆகிறது. 18,000 ரூபாய்க் கைபேசி 4 ஆண்டு உழைத்தால் மாதம் 375 ரூபாயே ஆகிறது. இவ்விரண்டில் மலிவானது எது? கைபேசியின் வழியே வங்கிப் பணம் செல்லும் இக்காலத்தில், பாதுகாப்புக்கான மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதையும் அதன் ஆயுளோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கையில் பணம் இல்லாதோர் தவணையை நாடுவர். ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் சொல் செவிக்கு இனியது. ஆனால் வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 இல் வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. வட்டி, விலையிலோ பணிக்கட்டணத்திலோ மறைந்திருக்கும். மேலும், மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கடல் கொந்தளித்தால் படகு கரையில் நிற்கும். தவணை மட்டும் நிற்பதில்லை.

இரண்டாவது, காலமறிதல். புதிய வகைக் கருவி வெளிவந்தவுடன், சென்ற ஆண்டின் வகை பெரும்பாலும் விலை குறையும். பண்டிகைக் காலத்திலும் தள்ளுபடி உண்டு. அவசரமில்லாதோர் அக்காலம் நோக்கிக் காத்திருப்பது நன்று. எனினும், ‘இச்சலுகை இன்னும் ஒரு மணி நேரமே’ என்னும் அறிவிப்பைக் கண்டு மயங்கலாகாது. மீனுக்கு இரையைக் காட்டுவோர் தூண்டிலைக் காட்டுவதில்லை அன்றோ? பெட்டியில் அச்சிட்டிருப்பது எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்றலாகாது என்பதே அதன் பொருள். அதுவே சந்தை விலை என்பது பொருளன்று. ஆகவே, அடித்துக் காட்டிய விலையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பாராமல், அதே பொருள் அதே நாளில் பிற கடைகளில் என்ன விலை என்று பார்ப்பதே தள்ளுபடியை அளக்கும் முறையாகும்.

மூன்றாவது, இடனறிதல். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அங்குக் கடைகள் நெருங்கியிருத்தலால் பல விலைகளைக் கேட்டறிவது எளிது. ஆயினும் மரக்காணத்திலிருந்து சென்னைக்குச் சென்று வரும் செலவையும், இழக்கும் ஒருநாள் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். பழுது நேர்ந்தால் செல்லத்தக்க பணிமனை அருகில் உள்ளதா என்பதும் கருதற்பாலது. இணையவழி வாங்குவோர், தளத்தின் பெயரை மட்டும் நோக்காது, அதன்வழிப் பொருளை விற்பவர் யார் என்பதையும் நோக்குக. பொருள் வந்ததும், பெட்டியைத் திறப்பதை ஒளிப்படமாகப் பதிவு செய்துகொள்வது பின்னர்ச் சான்றாக உதவும்.

நான்காவது, தெரிந்துதெளிதல். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அவ்வெண்ணும் பெட்டியிலும் பட்டியலிலும் உள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 ஆம் ஆண்டு தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில், அவ்வெண் செல்லத்தக்கதா என்று அறியலாம். பிறர் பயன்படுத்திய கைபேசியை வாங்குவோர்க்கு இச்சோதனை இன்றியமையாதது. கைபேசி, பவர் பேங்க் முதலியவை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உரியவை. ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து 8 இலக்கங்கள் உள்ள பதிவெண் அவற்றின்மேல் இருக்கும்.

எல்லாவற்றிலும் தலையாயது பட்டியல். பட்டியல் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறையுள்ளோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. ஆனால் கையில் சான்றின்றி வழக்காடுவது எளிதன்று.

அன்று நானும் அம்மாணவரும் பெட்டியை எடுத்து ஆராய்ந்தோம். பவர் பேங்கில் பதிவெண்ணே இல்லை. 7,000 ரூபாய் போனது போனதுதான். அதன்பின் அவர் அவசரப்படவில்லை. மூன்று வாரம் விசாரித்து, நான்கு கடைகளில் விலை கேட்டு, முந்தைய ஆண்டு வெளிவந்த கைபேசி ஒன்றைப் பட்டியலுடன் வாங்கினார். நீர் புகாத உறையும், பதிவெண் உள்ள பவர் பேங்கும் வாங்கினார். கடலுக்குக் கொண்டு செல்லுமுன் வீட்டில் இருமுறை நிரப்பிச் சோதித்தும் பார்த்தார்.

பட்டியலை என்னிடம் காட்டியபோது, “இம்முறை கூடுதல் பணம் ஆயிற்று, ஐயா” என்றார்.

“அம்மா என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. நான் கடலுக்குப் போன பின்பு உறங்குகிறார்” என்றார் அவர்.

பயிற்சி

1. உப்பளம் கற்பிக்கும் இரு பாடங்கள் யாவை? அவை பொருள் வாங்குவோர்க்கு எங்ஙனம் பொருந்தும்?
2. மலிவு, மதிப்பு இவற்றின் வேறுபாட்டை உம் வீட்டில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.
3. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று குறித்த பவர் பேங்க், 5 வோல்ட் அழுத்தத்தில் தரக்கூடிய அளவை, வெப்பக் கழிவு நீங்கலாகக் கணக்கிடுக.
4. ‘பட்டியல் வேண்டுமானால் வரி கூடும்’ என்னும் வணிகர்க்கு நீவிர் கூறும் விடை யாது?
5. பிரித்து எழுதுக: உப்பங்கழி, நன்னீர், தலைகவிழ்ந்தார்.